சீனா போக விசாவும் முக்கால் ஏக்கர் நிலமும்

(கள்ளக்குறிச்சியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசிய பேச்சு)



இன்று நான் கூலி உயர்வைப் பற்றிப் பேச வரவில்லை. கரும்புப் பாக்கியைப் பற்றியும் பேச வரவில்லை. அதற்கு எனக்கு அடுத்தாற்போல் ஒரு தோழர் இருக்கிறார். சீனாவுக்குப் போக விசா வாங்குகிற விஷயத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

சிரிக்கிறீர்கள். "வெள்ளிமலைக்குப் போகிற பஸ்ஸே நேரத்துக்கு வரவில்லை, இவர் சீனாவுக்கு விசா சொல்லித் தருகிறாராம்" என்று பின்னாலிருந்து ஒரு தோழர் சொல்லுவது என் காதில் விழுகிறது. சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் இந்தக் கூட்டத்திலே உட்கார்ந்திருக்கிற ஒரு தோழர் சிரிக்கவில்லை. அவருடைய கதையைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சொல்லமாட்டேன்.

அவர் நம் பக்கத்துச் சர்க்கரை ஆலையிலே பருவகாலத் தொழிலாளி. ஊர் கல்வராயன் மலையடிவாரம். அரவைக் காலம் முடிந்துவிட்டால் கிடைத்த வேலைக்குப் போவார். அப்பன் காலத்துச் சொத்தாக முக்கால் ஏக்கர் நிலம், கிணற்றிலே பாதிப் பங்கு. மூத்த மகள் நன்றாகப் படித்தாள். டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். மலையிலே பிரசவ வலி கண்ட பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கி வருவதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு அந்த ஆசை வராமல் வேறு என்ன ஆசை வரும்? நீட் தேர்விலே தேறினாள். ஆனால் சர்க்கார் கல்லூரியிலே இடம் கிடைக்கிற அளவுக்கு மார்க்கு வரவில்லை. தனியார் கல்லூரிக்காரர்கள் கேட்ட தொகையை இந்தத் தோழர் ஆயுள் முழுவதும் ஆலையிலே உழைத்தாலும் கண்ணால் பார்க்க முடியாது.

அந்தச் சமயத்திலே ஒரு ஏஜெண்டு வந்தார். சீனாவிலே படிக்கலாம், இங்கே ஒரு வருஷத்துக்குக் கட்டுகிற பணத்திலே அங்கே படிப்பையே முடித்துவிடலாம், விசாவெல்லாம் என் பொறுப்பு என்றார். முக்கால் ஏக்கர் கிரயமாயிற்று. கிணற்றுப் பங்கும் போயிற்று. 2018ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே பெண் சீனாவுக்குப் போனாள்.

ஒன்றரை வருஷம் நன்றாகத்தான் போயிற்று. 2020 ஜனவரியிலே, சீனர்களின் புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்தாள். இரண்டு செட் துணி, ஒரு கைப்பை, அவ்வளவுதான். புத்தகம், படுக்கை, சான்றிதழ் எல்லாம் அங்கே விடுதி அறையிலே. கொரோனா வந்தது. மார்ச் 28ஆந் தேதி முதல் அந்நிய நாட்டவர் எவரும், கையிலே செல்லுபடியாகிற விசா இருந்தாலும், தங்குவதற்கு அனுமதிச் சீட்டு இருந்தாலும், உள்ளே வரக்கூடாது என்று சீன சர்க்கார் கதவை மூடிற்று. இந்தப் பெண் மட்டுமல்ல. சீனாவிலே படித்துக்கொண்டிருந்த நம் நாட்டு மாணவர்கள் 23,000 பேருக்கு மேல் இப்படி ஊரிலே மாட்டிக்கொண்டார்கள். பெரும்பாலோர் டாக்டர் படிப்பு.

அப்புறம் போனிலே பாடம். அங்கே காலை 8 மணி என்றால் நமக்கு ஐந்தரை மணி. வீட்டிலே சிக்னல் கிடையாது. அந்தப் பெண் விடியுமுன்னே ஏரிக்கரை மேட்டுக்குப் போய்ச் சாக்கை விரித்து உட்கார்ந்து, பிணத்தை அறுத்து அவர்கள் காட்டுவதைக் கையகல போனிலே பார்த்தாள். நோயாளியின் நாடியைத் தொட்டுப் பார்க்காமல் ஏரிக்கரையிலே உட்கார்ந்து யாராவது டாக்டராக முடியுமா? ஊரார் கேட்டார்கள். அவளும் தன்னைத் தானே கேட்டுக்கொண்டாள்.

இதே காலத்திலேதான், தோழர்களே, நம் கள்ளக்குறிச்சியிலே சர்க்கார் மருத்துவக் கல்லூரிக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. 2022 ஜனவரி 12ஆந் தேதி திறப்பு விழா, 150 இடம். நாம் கேட்டுப் போராடிய கல்லூரி, வந்தது நல்லது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அதிலே ஒரு நாற்காலி போட்டுக் கொடுக்க முடியாது. வெளிநாட்டிலே பாதிப் படித்தவர்களை இங்குள்ள கல்லூரிகளிலே சேர்த்துக்கொள்ளச் சட்டத்திலே இடமில்லை என்று மத்திய சர்க்கார் 2022இல் சுப்ரீம் கோர்ட்டிலே சொல்லிவிட்டது. பஸ்ஸிலே அந்தக் கட்டிடத்தைத் தாண்டும்போதெல்லாம் தன் மகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவாள் என்று தோழர் என்னிடம் சொன்னார்.

மறுபடியும் அந்த ஏஜெண்டு வந்தார். "ஸ்பெஷல் விசா இருக்கிறது, அறுபதாயிரம் கொடுத்தால் ஒரு மாதத்திலே அனுப்பிவிடுகிறேன்" என்றார். தோழர் வட்டிக்கு வாங்கிக் கொடுத்தார். அப்படி ஒரு விசா உலகத்திலே கிடையாது. சங்கத் தோழர்கள் பத்துப் பேர் போய் அவர் ஆபீஸ் வாசலிலே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்த பிறகு நாற்பதாயிரம் திரும்பி வந்தது. மீதி இருபதாயிரத்துக்கு இன்றைக்கும் தவணை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கு நான் வெட்கப்பட்டேன். பத்தாவது வரை படித்தவன், இருபது வருஷமாக முழுநேர ஊழியன், தாலுகா ஆபீஸிலே எந்த மனு எந்த மேஜைக்குப் போகும் என்று தூக்கத்திலே கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் விசா என்றால் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த அறுபதாயிரம் போயிருக்காது. அதனால்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இன்று உங்களிடம் சொல்லுகிறேன்.

பாஸ்போர்ட் வேறு, விசா வேறு. பாஸ்போர்ட் என்பது "இவர் எங்கள் பிரஜை" என்று நம் சர்க்கார் எழுதிக் கொடுக்கிற புத்தகம். விசா என்பது "சரி, உள்ளே வரலாம்" என்று அடுத்த வீட்டுக்காரர் சொல்லுகிற வார்த்தை. முதலாவதைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு. கொடுக்காவிட்டால் கோர்ட்டு ஏறலாம். இரண்டாவதை அடுத்த வீட்டுக்காரர் மாட்டேன் என்றால் நம் கோர்ட்டு ஒன்றும் செய்ய முடியாது. நம் சர்க்கார் அவர்களோடு பேசித்தான் வாங்கித் தர வேண்டும். ஏஜெண்டு இந்த இரண்டிலே எதையும் கொடுக்கிறவர் அல்ல. காகிதத்தை வாங்கி இன்னொருவரிடம் கொடுக்கிற கைதான் அவர்.

இங்கே ஒரு வாலிபத் தோழர் என்னை மடக்கிக் கேட்டார்: "சீனா தொழிலாளி வர்க்க ராஜ்யமாயிற்றே, ஏழைத் தொழிலாளியின் மகளை ஏன் இரண்டரை வருஷம் வாசலிலே நிறுத்திற்று?" நல்ல கேள்வி. நான் பூசி மெழுகப் போவதில்லை. தொற்றைத் தடுக்கக் கதவை மூடினார்கள், அது புரிகிறது. நம் மாணவர்களுக்குக் கதவு திறந்தது 2022 ஆகஸ்ட் 24ஆந் தேதி. படிப்பு நடுவிலே நின்றவர்கள் விஷயத்திலே அவ்வளவு தாமதம் செய்தது தவறு. யார் செய்தாலும் தவறு தவறுதான். கதவு திறந்த பிறகும் நேர் விமானம் கிடையாது. சுற்றிப் போக டிக்கெட்டுக்கு லட்ச ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். போய் இறங்கினால் தனிமை முகாம்; அந்தச் செலவும் நம் தலையிலே.

சரி, நம் டெல்லி சர்க்கார் என்ன செய்தது? 2020 ஜூன் மாதத்திலே கல்வான் பள்ளத்தாக்கிலே மோதல். நம் ராமநாதபுரத்து ஹவில்தார் பழனி உட்பட 20 வீரர்கள் உயிர் கொடுத்தார்கள். அதன் பிறகு இரண்டு நாடுகளும் ஒன்றுக்கொன்று முகத்தைத் திருப்பிக்கொண்டன. நம் மாணவர்களை உள்ளே விடவில்லை என்பதால் 2022 ஏப்ரலிலே சீனர்களுக்குக் கொடுத்திருந்த சுற்றுலா விசாக்கள் செல்லாது என்றது நம் சர்க்கார். பதிலுக்குப் பதில். இரண்டு எருதும் முட்டிக்கொண்டால் நடுவிலே மிதிபடுகிறது பயிர்தான். சீனா 2023 மார்ச் மாதத்திலே எல்லா வகை விசாவையும் மறுபடி கொடுக்க ஆரம்பித்தது. நாம் சீனர்களுக்குச் சுற்றுலா விசா கொடுக்க ஆரம்பித்தது 2025 ஜூலை 24ஆந் தேதி. நேர் விமானம் மறுபடி பறந்தது அதே வருஷம் அக்டோபர் 26ஆந் தேதி, கல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு.

இந்தத் தேதிகளோடு இன்னொன்றையும் வைத்துப் பாருங்கள். தொழிற்சாலை முதலாளிகளுக்குச் சீனத்து யந்திரம் வந்து இறங்கிற்று; அதை மாட்டி ஓட்டிக் காட்ட சீனத்துத் தொழில்நுட்பக்காரர்கள் வேண்டும்; விசா இல்லாமல் உற்பத்தி நிற்கிறது என்று முதலாளிகள் முறையிட்டார்கள். 2024ஆம் ஆண்டிலேயே, உற்பத்தி ஊக்கத்தொகை வாங்குகிற கம்பெனிகளுக்கு அந்த விசாக்களைத் துரிதமாகக் கொடுக்க டெல்லியிலே ஏற்பாடாயிற்று. யந்திரம் ஓட வேண்டும், நானும் ஒப்புக்கொள்ளுகிறேன். அதை ஓட்டப் போகிறவர்கள் நம் பிள்ளைகள்தானே. ஆனால் கேட்கிற குரல் யாருடையது என்று பார்த்துத்தான் கதவு திறக்கிறது. 23,000 மாணவர்களின் பெற்றோர் டெல்லியிலே தட்டி தூக்கி நின்றார்கள். அந்தக் குரலுக்கு இரண்டரை வருஷம் ஆயிற்று.

தமிழ்நாட்டுப் பிள்ளை சீன விசா கேட்டால் மனு இன்றைக்கும் டெல்லிக்குத்தான் போக வேண்டும். சென்னையிலே சீனத் துணைத்தூதரகம் ஒன்று திறப்பது என்று 2015 மே மாதத்திலே இரண்டு சர்க்கார்களும் ஒப்புக்கொண்டன. பத்து வருஷம் ஓடியும் திறக்கவில்லை. கள்ளக்குறிச்சிக்காரர் ஒரு காகிதத்திலே பிழை என்றால் டெல்லிக்கு ரயில் ஏற வேண்டும், இல்லையென்றால் ஏஜெண்டின் காலைப் பிடிக்க வேண்டும். ஏஜெண்டு பிழைப்பு எங்கே முளைக்கிறது என்று இப்போது தெரிகிறதா?

இனி பாஸ்போர்ட் கதை. நமக்கு உரிமை உள்ள இடம் இதுதான் என்று சொன்னேன். அந்த உரிமையும் சும்மா வந்துவிடவில்லை. 1938ஆம் ஆண்டு, ஜப்பான்காரன் சீனாவை நாசம் செய்துகொண்டிருந்தபோது, காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அங்கே அனுப்பிற்று. அதிலே ஒருவர்தான் ஆலைகள் நிறைந்த சோலாப்பூரிலே பிறந்த டாக்டர் கோட்னிஸ். அங்கேயே காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் செய்து, சீனப் பெண்ணையே மணந்து, 1942 டிசம்பரிலே 32 வயதிலே அங்கேயே இறந்தார். அந்தக் குழுவிலே போக முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிலே வங்காளத்து டாக்டர் ரணேன் சென்னும் ஒருவர். அவர் கம்யூனிஸ்ட் என்பதால் வெள்ளைக்கார சர்க்கார் பாஸ்போர்ட் கொடுக்க மறுத்தது. அவர் இடத்திலே டாக்டர் பாசு போனார். உயிரைக் காப்பாற்றப் போகிறவரைக்கூட "நீ எந்தக் கட்சி?" என்று கேட்டார்கள்.

வெள்ளைக்காரன் போன பிறகும் பாஸ்போர்ட் என்பது சர்க்கார் போடுகிற பிச்சை என்கிற நினைப்பு போகவில்லை. இஷ்டப்பட்டால் கொடுப்போம், இல்லாவிட்டால் மாட்டோம், காரணம் கேட்காதே என்றார்கள். 1967 ஏப்ரல் 10ஆந் தேதி சத்வந்த் சிங் சாஹ்னி என்பவர் போட்ட வழக்கிலே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று: வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்திலே அடங்கியது, சட்டமில்லாமல் அதைத் தடுக்க முடியாது. ஐந்து நீதிபதிகளிலே மூன்று பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் எதிர்ப்பக்கம்; நூலிழையிலே கிடைத்த உரிமை. அவசர அவசரமாக அதே வருஷம் ஜூன் மாதத்திலே பாஸ்போர்ட் சட்டம் கொண்டுவந்தார்கள். வழக்குப் போட்டவர் தொழிலாளி அல்ல, வியாபாரி. அவர் வெட்டின கிணற்றிலே நாமும் தண்ணீர் சேந்துகிறோம், அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்திலே நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு முள் இருக்கிறது. கிரிமினல் வழக்கு கோர்ட்டிலே நிலுவையிலே இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்கிறது ஆறாவது பிரிவு. மறியல் செய்தோம் என்று நம் மேலே எத்தனை வழக்கு! எனக்கே அந்த அனுபவம் உண்டு. போலீஸ் விசாரணைக்கு வந்தவர் என் பெயரிலே இருந்த மறியல் வழக்குகளை வாசித்துக் காட்டினார். எனக்கே மறந்துபோனது இரண்டு அதிலே இருந்தது. மனு அப்படியே படுத்துக்கொண்டது. மலையிலிருந்து வந்திருக்கிற தோழர்களுக்கு இன்னும் கஷ்டம். அங்கே சாராய வழக்கு, மரம் வெட்டின வழக்கு என்று வீட்டுக்கு ஒரு காகிதம் இருக்கிறது. உண்மை எது, பொய் எது என்று பார்க்கிறவர் யார்?

ஆனால் வழி இருக்கிறது, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். போலீஸ் ஸ்டேஷனிலே வெறும் எஃப்.ஐ.ஆர். கிடப்பது மட்டும் நிலுவை வழக்கு ஆகாது. குற்றப்பத்திரிகை வந்து கோர்ட்டு அதைக் கோப்பிலே எடுத்துக்கொண்டால்தான் என்று ஹைகோர்ட்டுகள் பல தடவை சொல்லியிருக்கின்றன. கோர்ட்டிலேயே வழக்கு நடந்தாலும், அந்தக் கோர்ட்டிலே மனுப் போட்டு அனுமதி வாங்கி வந்தால் பாஸ்போர்ட் கொடுக்கலாம் என்று 1993 ஆகஸ்ட் 25ஆந் தேதி சர்க்காரே உத்தரவு போட்டிருக்கிறது. குறைந்த காலத்துக்குத்தான் கொடுப்பார்கள், ஆனாலும் கொடுப்பார்கள். வழக்கை மறைத்து மனுப் போடாதீர்கள். மறைத்தால் அதுவே புதுக் குற்றம் ஆகிவிடும்.

கல்வராயன் மலையைப் பற்றி ஒரு வார்த்தை. 1976 வரை ஜாகீர்தார்கள் கையிலே இருந்த மலை அது. அங்கே பிறந்தவனுடைய பிறப்பை யார் எழுதி வைத்தார்கள்? வீட்டிலே பிறந்த பிள்ளைக்கு வாத்தியார் போட்டதுதான் பிறந்த தேதி. ஆதாரிலே ஒரு தேதி, பள்ளிக்கூடத்திலே ஒரு தேதி, ரேஷன் கார்டிலே பெயரே வேறு. இப்படி இருந்தால் பாஸ்போர்ட்டிலே தடுக்கும், அதைத் தாண்டினாலும் விசாவிலே தடுக்கும். பிள்ளை பத்தாவது படிக்கும்போதே இதைச் சரி செய்துவிடுங்கள். அப்போது தாலுகா ஆபீஸ் நடை நாலு. பிறகு என்றால் நாற்பது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நிலத்தை விற்குமுன் என்ன பார்க்க வேண்டும்?

சீனாவிலே ஆறு மாதத்துக்கு மேல் தங்கிப் படிக்க எக்ஸ்-1 என்கிற விசா வேண்டும். அதற்குக் கல்லூரி கொடுக்கிற சேர்க்கைக் கடிதம் ஒன்று. அதோடு, சொந்தச் செலவிலே படிக்கிறவர்களுக்கு ஜே.டபிள்யூ. 202 என்கிற நமூனா ஒன்று, அது சீனாவிலிருந்தே வர வேண்டும். இரண்டிலும் பெயர், பாஸ்போர்ட் நம்பர், கல்லூரிப் பெயர் ஒன்றுபோல இருக்க வேண்டும். இந்த இரண்டு காகிதமும் கண்ணால் பார்க்காமல் "விசா வந்துவிடும்" என்று ஏஜெண்டு சொன்னால் நம்பாதீர்கள். போய் இறங்கிய 30 நாளுக்குள்ளே அங்கே தங்குவதற்கான அனுமதிச் சீட்டுக்கு மனுச் செய்ய வேண்டும். எத்தனையோ பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

விசா கிடைப்பதோடு முடிந்ததா? இல்லை. விசா கொடுத்துவிட்டார்கள் என்பதால் அந்தப் படிப்பு இங்கே செல்லும் என்று அர்த்தமில்லை. அடுத்த வீட்டுக்காரர் உள்ளே விட்டார், அவ்வளவுதான். ஆங்கிலத்திலே வெளிநாட்டு மாணவர்களுக்கு டாக்டர் படிப்பு நடத்தச் சீன சர்க்கார் குறித்துக் கொடுத்தது 45 கல்லூரிகளை மட்டும் என்று பெய்ஜிங்கிலே உள்ள நம் தூதரகம் 2022 செப்டம்பரிலே எச்சரிக்கை வெளியிட்டது. அதே எச்சரிக்கையிலே ஒரு கணக்கும் இருந்தது. 2015 முதல் 2021 வரை சீனாவிலே படித்துவிட்டு இங்கே வந்து தகுதித் தேர்வு எழுதியவர்கள் 40,417 பேர். தேறியவர்கள் 6,387 பேர். நூற்றுக்குப் பதினாறு. மீதிப் பேர் வீட்டு நிலமெல்லாம் எங்கே போயிற்று என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இதை எந்த ஏஜெண்டாவது நோட்டீஸிலே போடுகிறாரா?

இன்னும் ஒன்று. 2021 நவம்பரிலே வந்த விதிப்படி, 54 மாதம் படிப்பு, அதே கல்லூரியிலே 12 மாதம் பயிற்சி, படித்த நாட்டிலேயே வைத்தியம் செய்ய உரிமம் பெறுகிற தகுதி, இத்தனையும் இருந்தால்தான் இங்கே பதிவு. சீனாவிலே அந்த உரிமத்துக்குச் சீன பாஷை தெரிய வேண்டும். நீட் தேறாமல் போனால் எதுவுமே நடக்காது. இதையெல்லாம் எழுத்திலே கேளுங்கள். "எழுதிக் கொடு" என்றால் முகம் மாறுகிறவரிடம் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள்.

சீனாவுக்கு அனுப்பாதே என்று நான் சொல்லவில்லை. நல்ல கல்லூரிகள் அங்கே இருக்கின்றன. தேறி வந்து நம் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலே வேலை பார்க்கிற பிள்ளைகளும் உண்டு. தெரிந்து அனுப்புங்கள் என்கிறேன்.

கொரோனாவிலே மாட்டியவர்களுக்காகச் சென்னை ஹைகோர்ட்டிலே தொடங்கிய வழக்கு ஒன்று சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. நேரிலே பயிற்சி பெறாதவர்களைக் கைவிட்டுவிடாமல் இரண்டு மாதத்திலே ஒரு திட்டம் போடு என்று 2022 ஏப்ரல் 29ஆந் தேதி தீர்ப்பு. ஜூலையிலே திட்டம் வந்தது. கடைசி வருஷத்திலே ஊர் திரும்பி, ஜூன் 30ஆந் தேதிக்குள் படிப்பை முடித்தவர்கள் தேர்வு எழுதலாம், ஆனால் ஒரு வருஷத்துக்குப் பதில் இரண்டு வருஷம் பயிற்சி டாக்டராக இருக்க வேண்டும் என்றார்கள். நம் தோழருடைய மகள் அப்போது கடைசி வருஷம் இல்லை. அவளுக்கு அந்தத் திட்டத்திலே இடமில்லை.

அவள் கல்லூரிக்குத் திரும்பலாம் என்கிற சான்று வந்து, டெல்லிக்கு மனு போய், விசா குத்தி வந்தபோது 2022ஆம் வருஷம் முடிகிற சமயம். டிக்கெட்டுக்கு அவள் அம்மாவின் தாலிக்கொடி போயிற்று. போனாள், படிப்பை முடித்தாள், வந்தாள். இங்கே தகுதித் தேர்வு இரண்டு தடவை எழுதினாள், தேறவில்லை. மூன்றாவது தடவைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். பகலிலே ஒரு மருந்துக்கடையிலே கணக்கு எழுதுகிறாள். இப்போது ஏரிக்கரைக்குப் போக வேண்டியதில்லை, வீட்டிலேயே சிக்னல் வந்துவிட்டது.

சங்க ஆபீஸிலே ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் நான் இருப்பேன். அந்தப் பெண்ணும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். சீனத்து எழுத்து படிக்க அவளுக்குத் தெரியும். பிள்ளைகளை வெளிநாடு அனுப்ப நினைக்கிறவர்கள், ஏற்கெனவே ஏஜெண்டிடம் பணம் கட்டிவிட்டவர்கள், கையிலே இருக்கிற காகிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அசலைக் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். மலைத் தோழர்கள் முதல் பஸ்ஸை விட்டுவிட்டால் மத்தியானம் ஆகும் என்று தெரியும். மாலை வரை இருப்போம்.